அறை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும்: ஆணோடு உறவு வைக்கும் ஆண்களுக்கு ஒரு கையேடு

ஆணோடு உறவு வைக்கும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களைக் கே என்று சொல்லிக்கொள்பவராக இருக்கலாம், பைசெக்ஸுவல் என்று சொல்பவராக இருக்கலாம், ஒரு பெயரும் வைக்காமல் கலியாணம் முடித்துப் பிள்ளைகளோடு வாழ்பவராகவும் இருக்கலாம். வாசிப்பவர்கள் எல்லாரும் 18 வயதைக் கடந்தவர்கள் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன். திருகோணமலை நகரத்தில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் கனகாலமாக நிற்கிறேன்.

வங்கியில் வேலை செய்யும் ஒருவர் வருவார். ஆணுறைப் பெட்டியோடு லூப்ரிகன்ட் (வழுக்குவதற்குப் பூசும் ஜெலி) ட்யூபையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி, கார்டில் காசு கட்டிவிட்டுப் போவார். பின்னால் நிற்கும் ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதே பெட்டியைப் பார்ப்பான், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பான், கடைசியில் ஒரு கார்ட் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்புவான். எச்.ஐ.வி. பற்றி இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தெரியும். ஒருவருக்குக் கையில் காசு, பூட்டக்கூடிய கதவு, அவசரமில்லாத நேரம், ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாத வாழ்க்கை எல்லாம் இருக்கிறது. மற்றவனிடம் இவை இல்லை.

பிரசுரங்களில் வருகிற ஆண் எப்போதும் ஒரு அறைக்குள்தான் இருக்கிறான். கட்டில், விளக்கு, மேசையில் ஆணுறை. திருக்கடலூரில் இரண்டு அறை வீட்டில் அம்மா, தம்பி, அக்காவின் பிள்ளைகளோடு படுக்கிறவனுக்கு அந்தப் படத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. 1980களின் கடைசியில் சிட்னியில் தொழிலாளர் வர்க்கத்துக் கே ஆண்களிடம் கதைத்து ஆய்வு செய்தவர்களும் இதற்குக் கிட்டத்தான் வந்து சேர்ந்தார்கள். எய்ட்ஸ் பற்றிய செய்தி அங்கே கே சங்கங்கள், பார்கள், பத்திரிகைகள் வழியாகப் போனது. அந்த வட்டத்தோடு ஒட்டாத தொழிலாளிகளுக்கு அது மெலிந்துதான் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் அந்த வட்டத்தின் இடத்தில் போனில் ஆள் தேடும் அப்பும் ஆங்கிலமும் கொழும்பும் இருக்கின்றன. ஆகவே உங்களிடம் என்ன வசதி இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

இடத்தையும் நேரத்தையும் பார்த்து முடிவெடுங்கள்

கதவு இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது? பத்து நிமிடமும் இருட்டும்தான் இருக்கிறது என்றால் அன்றைக்குப் பின்வழி உறவை விட்டுவிடுங்கள். ஆணுறை இல்லாதபோது எச்.ஐ.வி. தொற்ற அதிக வாய்ப்புள்ளது அதில்தான். அதிலும் வாங்குபவருக்கு, அதாவது பொட்டமாக இருப்பவருக்கு, ஆபத்து மற்றவரை விடப் பத்து மடங்குக்கு மேல். குதத்தின் உட்தோல் மெல்லியது, ஈரம் சுரக்காதது, அவசரத்தில் சுலபமாகக் கீறும். கீறலை நீங்கள் உணராமலே போகலாம்.

கையால் செய்வது, தொடைகளுக்கு நடுவில் செய்வது, உடம்போடு உடம்பு உரசுவது, இவற்றால் எச்.ஐ.வி. வருவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வாயால் செய்வதில் எச்.ஐ.வி. ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கொனோரியா, சிபிலிஸ் என்ற பாலியல் நோய்கள் வாய் வழியாகவும் வரும். சிபிலிஸ் புண், மரு, சொறி எல்லாம் தோலிலிருந்து தோலுக்கே தாவும் என்பதால், யாருடைய உடம்பிலாவது புண்ணைக் கண்டால் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

இவற்றை அரைகுறை உறவு என்று நினைக்கிற பொடியன்மார் இருக்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை. கடற்கரை இருட்டில் ஒரு காதை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு பயந்து பயந்து முடிப்பதில் என்ன நிறைவு? இடம் இல்லாத நாளில் தொடையும் கையும் போதும். இடம் கிடைக்கும் நாளைக்கு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வடகீழ் மழை தொடங்கி சீசன் படுக்கிற மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகை இறங்கும். இரண்டு ஆண்கள் ஒரு அறை எடுத்தால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. வாடகையைப் பாதி பாதி என்று பிரிக்காமல் உழைப்புக்கு ஏற்றபடி பிரியுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பின்னேரச் செலவு, நாட்கூலிக்காரருக்கு வீட்டின் இரண்டு நாள் அரிசி.

தேங்காய் எண்ணெயைத் தள்ளி வையுங்கள்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். ஆணுறை வாங்குகிறவர்களில் பலர் லூப்ரிகன்ட் வாங்குவதில்லை. விலை ஒரு காரணம், பெயர் சொல்லிக் கேட்கக் கூச்சம் மற்றது. வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, வஸ்லின் இருக்கிறது, குழந்தைக்குப் பூசும் எண்ணெய் இருக்கிறது. எல்லாம் வழுக்கும்தானே என்று நினைக்கிறார்கள்.

கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் ஒரு தம்பிக்கு இதைச் செய்து காட்டினேன். ஆணுறை ஒன்றை பலூன் மாதிரி ஊதி முடிச்சுப் போட்டு அவன் கையில் கொடுத்து, விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு இடத்தில் தேய்க்கச் சொன்னேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ‘பாருங்கண்ணா, நல்லாத்தானே கிடக்கு’ என்றான். தேய்த்த இடம் மெதுவாக மங்கியது, விரலடியில் தோல் சுருங்குவது போல நெளிந்தது, அப்புறம் ‘டப்’ என்று வெடித்தது. அவனுடைய விரலில் ஒட்டியிருந்த ரப்பர் துண்டை நெடுநேரம் உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். சாதாரண ஆணுறை லேடெக்ஸ் என்ற ரப்பர். எண்ணெய் எதுவானாலும் அந்த ரப்பருக்குள் ஊறி அதன் பலத்தை எடுத்துவிடும். ஒரு நிமிடமே போதும். உறவின் நடுவில் அது கிழிந்தால் சத்தமும் கேட்காது.

ஆகவே தண்ணீரில் செய்த ஜெலி அல்லது சிலிகோன் வகை, இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். கேவை ஜெலி, டியூரெக்ஸ் என்று மருந்துக்கடையில் கிடைக்கும். ஆங்கிலப் பெயர் வாயில் வராவிட்டால் ‘தண்ணி ஜெலி’ என்று கேளுங்கள், கவுண்டரில் நிற்கிறவருக்கு விளங்கும். ட்யூபின் விலை கூடுதலாக இருந்தால் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் ஆணுறை இலவசம். அங்கே ஜெலியும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எச்சில் போதாது, அது நிமிடத்தில் காய்ந்துவிடும். சவர்க்காரம், ஷாம்பு, முகக் கிரீம் எல்லாம் உள்ளே எரியும், புண்ணாக்கும். ‘வலி தெரியாமல் இருக்க ஏதாவது தாங்கோ’ என்று மரத்துப்போகும் ஜெல் கேட்கிறவர்களும் உண்டு. அதைக் கொடுக்கும் முன் எதற்கு என்று கேட்பேன். உள்ளே கீறுகிறது, நிறுத்து என்று உங்களுக்குச் சொல்வதே அந்த வலிதான். அதை மரக்கச் செய்தால் காயம் எவ்வளவு என்று பிறகுதான் தெரியும். பெட்டியில் விந்தணு கொல்லும் மருந்து பூசியது என்று எழுதியிருந்தால் அந்த வகையும் வேண்டாம். அதிலிருக்கும் நொனொக்சினோல் 9 குதத்தின் உட்தோலை அரிக்கும், எச்.ஐ.வி.க்கு வழியைத் திறந்துவிடும்.

ஆணுறையை எங்கே வைப்பது

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயிலில் நிறுத்திய மோட்டார்சைக்கிளின் சீட்டுப் பெட்டிக்குள் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் கிடந்த ஆணுறையை நம்ப முடியாது. ஓட்டோவின் முன் தட்டும் அப்படித்தான். பேர்ஸில் வைத்தால் இருந்து எழும்பும்போதெல்லாம் நசியும், ஒரு இரவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கடலுக்குப் போகிறவர்கள் மூடியிறுகிய சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, உடுப்புப் பைக்குள் நிழலில் வையுங்கள். வீட்டில் ஒளிக்க இடமில்லை என்றால் சவர சாமான் வைக்கும் பையின் அடியில் வைக்கலாம். மற்றவர்கள் அதற்குள் கை விடுவது குறைவு.

பிரிக்க முன் திகதியைப் பாருங்கள். பைக்கற்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்று நகர வேண்டும். நகராவிட்டால் எங்கோ ஓட்டை. பல்லால் கிழிக்க வேண்டாம். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்து அடிவரை உருட்டுங்கள், ஜெலியை வெளியே தாராளமாகப் பூசுங்கள், முடிந்ததும் விறைப்பு அடங்க முன் அடியைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுங்கள். இரண்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் உரசிக் கிழியும். இன்னொன்று: தனியாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பழகுங்கள். வெளிச்சம் கிடைக்காதவர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் அதிகம் தேவை.

ஆணுறை வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. பொலிஸ் சோதனையில் அகப்பட்டால் ‘குடும்பக் கட்டுப்பாட்டுக்கு’ என்று சொல்லலாம்.

‘போடு’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர், கொழும்பிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர், லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர், இவர்களிடம் அறை இருக்கிறது. கூடப் போகிறவன் ஹோட்டலில் மேசை துடைக்கிற, படகோட்டுகிற, இருபது இருபத்தைந்து வயதுக்காரன். காசு நேரடியாகக் கை மாறாமலும் இருக்கலாம். ஒரு ரீலோட், ஒரு சாப்பாடு, பழைய போன் ஒன்று. அதற்குப் பிறகு ‘கொண்டம் இல்லாமல் செய்வமா’ என்று கேட்டால் அவனால் எப்படி மறுக்க முடியும்? பாதுகாப்பாக இரு என்று அவனுக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை.

வசதி உள்ளவருக்கு முதலில் சொல்கிறேன். அறை உங்களுடையது என்றால் ஆணுறையும் ஜெலியும் நீங்களே வாங்கி வையுங்கள், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். அவன் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போடுங்கள். கொடுக்கிறதைக் கொடுப்பதென்றால் உறவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அது எதற்கும் விலையாக நிற்கக் கூடாது. ‘நான் படித்தவன், சுத்தமானவன், எனக்கு ஒன்றும் இல்லை’ என்ற கதையை விடுங்கள். சட்டையின் விலையைப் பார்த்து வைரஸ் வருவதில்லை. நல்ல குடும்பம், நல்ல வேலை, ஆங்கிலம் என்று பார்த்து ஆணுறையைக் கழற்றிவிட்டுப் பிறகு சிபிலிஸோடு மருந்துச் சீட்டை நீட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வசதி இல்லாத தம்பிக்கு: நீ உன்னுடைய ஆணுறையோடு போ. ‘அண்ணா, நான் எல்லாரோடும் இப்படித்தான்’ என்று உடுப்புக் கழற்ற முன்பே சொல்லிவிடு. கட்டிலில் கிடந்துகொண்டு சொல்வது கஷ்டம், தேத்தண்ணிக் கடையிலோ மெசேஜிலோ சொல்வது சுலபம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கையால் மட்டும் என்று இறங்கு. வெறியில் இருக்கிறவரோடு இந்தப் பேரம் நடக்காது, அவர் குடிக்கத் தொடங்க முன்பே பேசிவிடு. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒரு நண்பனுக்குச் சொல்லிவிட்டுப் போ.

முகமும் நிர்வாணமும் ஒன்றாகத் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கப் பயன்படும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளைக் காட்டித்தான் மிரட்டிக் காசு பறிக்கிறார்கள். அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, ஆனால் அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை. மிரட்டுகிறவனுக்கு ஒருமுறை காசு கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். மெசேஜ்களை அழிக்காமல் வைத்து நம்பகமான ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மனைவி இருப்பவர்கள்

உங்களிடம் வெளியில் ஆண் தொடர்பு இருக்கிறது, வீட்டில் மனைவிக்குத் தெரியாது. சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்த வரவில்லை, அதன் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய உடம்பைக் காப்பது உங்கள் கடமை. வெளியில் ஆணுறை இல்லாமல் நடந்துவிட்டால், சோதித்து முடிவு தெரியும்வரை வீட்டிலும் ஆணுறை பாவியுங்கள். பிரதேசத்து மிட்வைஃபிடம் குடும்பத் திட்டமிடலுக்கு என்று கிடைக்கும், பிள்ளைக்கு இடைவெளி விடுவோம் என்று மனைவியிடம் பேசலாம். அவர் கர்ப்பமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, சிபிலிஸ் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஆணுறை கிழிந்துவிட்டால்

72 மணித்தியாலத்துக்குள் பெப் மாத்திரையை, அதாவது ஆபத்தான உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க எடுக்கும் மருந்தை, தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாளும் விடாமல் எடுக்க வேண்டும். கொடுப்பதா என்று வைத்தியர்தான் முடிவு செய்வார். மறைக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள். புல்மோட்டையிலோ மூதூரிலோ இருப்பவர் ‘திங்கட்கிழமை போவம்’ என்று நினைக்காமல் விடிய முதல் பஸ்ஸில் ஏற வேண்டும். வார இறுதி என்றால் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், பாலியல் நோய் வைத்தியரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் உள்ளே கழுவுவது, டெட்டோல் பாவிப்பது எல்லாம் காயத்தைக் கூட்டும்.

இது அடிக்கடி நடக்கிறது என்றால் பிரெப் பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி. இல்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை இது. ஒவ்வொரு நாளும் எடுக்கலாம். அல்லது உறவுக்கு 2 முதல் 24 மணித்தியாலம் முன்பு இரண்டு, முதல் இரண்டை எடுத்து 24 மணித்தியாலத்தில் ஒன்று, 48இல் இன்னொன்று என்றும் எடுக்கலாம். இரண்டாவது முறை எப்போது சந்திப்போம் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குச் சரி. கண்ட நேரம் வாய்க்கிற ஆளுக்கு நாளாந்தம் எடுப்பதே நல்லது. தொடங்க முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) சோதனைகள் வேண்டும். பிரெப் சிபிலிஸையும் கொனோரியாவையும் தடுக்காது. போத்தலை வீட்டில் காண்பார்கள் என்ற பயம் இருந்தால், ஒரு வாரத்துக்குரியதை மட்டும் இறுக மூடும் சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள்.

கிளினிக்குக்குப் போவது

பாலியல் நோய் சிகிச்சை நிலையம் அரசாங்கத்தினுடையது, இலவசம், வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. பெயரைக் கூப்பிடாமல் உங்களுக்குரிய எண்ணால் கூப்பிடுவார்கள். வெளிநாடு போக நிற்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு, இங்கே சோதித்தால் ஏஜென்சிக்குத் தெரிந்துவிடும் என்று. கிளினிக் முடிவு ஏஜென்சிக்குப் போவதில்லை. வளைகுடா மெடிக்கலில் எப்படியும் எச்.ஐ.வி. பார்ப்பார்கள். கடன் வாங்கி ஏஜென்சிக்குக் காசு கட்டிய பிறகு அறிவதை விட முன்பே அறிவது நல்லது.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் வேலை செய்கிறார் என்றால் மட்டக்களப்புக்கோ அநுராதபுரத்துக்கோ போகலாம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். நண்பர் ஒருவர் அதற்காகவே போகாமல் இருக்கிறார் என்று தெரிந்தால், உழைக்கிறவர் அந்த நாள் கூலியைக் கொடுத்துக் கூடவே போய் வாருங்கள். தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ‘நோ ஃபோர் ஷுவர்’ இணையத்தளத்தில் நேரம் பதியலாம், வீட்டிலேயே செய்யும் சோதனைப் பெட்டியும் கேட்கலாம். அதில் தொற்று இருப்பதாகக் காட்டினால் கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும். தொற்று இல்லை என்று காட்டினாலும், ஆபத்தான உறவு நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் மறுபடி பார்க்க வேண்டும்.

வைத்தியரிடம் ‘ஆண்களோடு’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தொண்டையிலும் குதத்திலும் சோதிக்க மாட்டார்கள், அங்கே இருக்கும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிபிலிஸ் என்று வந்தால் பென்சிலின் ஊசியால் குணமாகும். எச்.ஐ.வி. என்று வந்தால் மருந்து இலவசம், வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால் உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. 2019இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த 782 ஆண் ஜோடிகளைப் பின்தொடர்ந்தது. ஆணுறை இல்லாமல் 76,000 தடவைக்கு மேல் உறவு நடந்தும், மருந்தில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

போன கையோடு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வழக்கமாக மூன்று ஊசி, ஆறு மாதத்துக்குள் முடியும். முதலாவதைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறவர்கள் அதிகம். இரண்டாவது, மூன்றாவது திகதிகளை அன்றைக்கே போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.